முன் டயர் ரெண்டும் புதுசு

சின்னவனுக்குத் தூளி கட்ட இன்று காலை பழைய வேட்டி தேடினேன். புது வேட்டி உடம்பை உறுத்தும், பழையதுதான் நல்லது என்பார்கள். எவ்வளவு பழையது என்றுதான் எனக்குப் பிடிபடுவதில்லை. ரொம்பப் பழையதாக இருந்து நடுவில் கிழிந்து பிள்ளை விழுந்துவிட்டால்? ஒவ்வொரு வேட்டியாக எடுத்து, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமாகப் போன என் மாமியார், "புள்ளயப் போடத்தான தூளி? நீ யானையக் கட்றாப்பல இழுக்கற" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அப்படித்தான். கதவைத் தாழிட்டுவிட்டு வந்து படுத்த பிறகும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறவள்.

டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த ஒரு வேட்டியை இழுத்தேன். துணி கைக்கு வருமுன் வாசனை வந்துவிட்டது. வண்டிக்குப் போடும் கிரீஸின் வாசனை. பிரித்துப் பார்த்தால் நடுவேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. சோடாக்காரத்தில் ஊறவைத்தும் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தும் நான் தோற்றுப்போன கறை அது. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். ஞாபகம் அதன் பிறகுதான் வந்தது.

என் வீட்டுக்காரர் பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து எழுந்தபோது பட்ட கறை. படுக்கச் சொன்னவள் நான்.

பிக்கப் என்றால், முன்பாதி ஜீப் மாதிரியும் பின்பாதி சின்ன லாரி மாதிரியும் இருக்கும். பட்டாளத்தில் ஓட்டிக் கழித்த வண்டி. ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து கைமாறி என் மாமனாரிடம் வந்தது. அவருக்குச் செஞ்சிக் கடைத்தெருவில் மணிலா மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரம்; தொண்டூரில் கொஞ்சம் நிலம். களங்களிலிருந்து மணிலா மூட்டைகளை ஏற்றி வர அந்த வண்டி. மேலே நீலப் பெயிண்டு அடித்திருந்தார்கள், ஆனாலும் கதவோரங்களில் பட்டாளப் பச்சை எட்டிப் பார்க்கும். நான் மருமகளாக வந்தபோது அந்த வீட்டில் என்னைவிட அதற்கு மரியாதை அதிகம். எனக்கு முன்னால் வந்தது அது, மூட்டையும் சுமந்தது. குறை சொல்ல முடியாது.

முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். கதவோரம் மாமியார், வெற்றிலைச் சாறு துப்ப வசதியாக. நடுவில் நான். அந்த நடு இடத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், கியர்க் கம்பி முழங்காலைப் பதம் பார்க்கும். அந்த வண்டியில் கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டிக் கம்பிகள் இருந்தன. ஒன்று ஏற்றத்தில் பலம் கூட்ட. மற்றது முன்சக்கரங்களுக்கு. அதைப் போட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து வண்டியை இழுக்கும். எடுத்துவிட்டால் பின்சக்கரங்கள் மட்டும் தள்ளும், முன்சக்கரங்கள் சும்மா கூட உருண்டு வரும். சேற்றிலும் மணலிலும் போடவேண்டிய கம்பி அது. நல்ல ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். எங்கள் வண்டியில் அதை எடுக்க முடியாது. சணல் கயிற்றால் சீட்டுக் காலோடு இழுத்துக் கட்டியிருந்தது. அந்த முடிச்சு எப்போதும் என் முழங்காலை உரசிக்கொண்டிருக்கும்.

கட்டியவர் மாமனார். ஆரம்பத்தில் என் வீட்டுக்காரர் தார் ரோட்டுக்கு வந்ததும் கம்பியை எடுத்துவிடுவாராம். ஒருநாள் மாமனார் கூட வந்து பார்த்துவிட்டார்.

"இன்னாடா எடுத்துட்ட?"

"முன்சக்கரம் இழுக்க வேணாம் நைனா, ரோடு நல்லாத்தான இருக்குது."

"நாலு சக்கரத்துக்கும் சேத்துத்தான்டா துட்டு குடுத்தேன். ரெண்டு இழுக்கும், ரெண்டு வேடிக்க பாத்துக்குனு வருமா?"

கூலிக்கு வந்த ஆள் ஒரு நிமிஷம் நிழலில் நின்றாலும் பொறுக்காதவர் அவர். சக்கரத்தையும் அதே கண்ணால் பார்த்தார். மூட்டை கட்டுகிற சணலை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த வண்டி எந்த ரோடாக இருந்தாலும் நான்கு சக்கரத்தாலும் இழுத்துக்கொண்டுதான் போயிற்று. நான்கு டயர்களும் ஒரே மாதிரி மொட்டையாக இருந்த வரைக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வளைவுகளில் ஸ்டியரிங் கனக்கிறது என்று என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துவிட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டிக்கு ஏதாவது புதுசு வாங்குவது மாமனார் வழக்கம். ஒரு வருஷம் ஹாரன், ஒரு வருஷம் சீட்டுக்கு உறை. நான் சொல்கிற வருஷம் டயர். இரண்டு வாங்கினார். இரண்டையும் முன்னால் போடச் சொன்னார். முகம் முன்னால்தானே இருக்கிறது? சந்தனம் வைப்பதும் குங்குமம் வைப்பதும் எலுமிச்சம்பழம் நசுக்குவதும் முன்னால்தான். கடைத்தெருவில் வண்டி வரும்போது நான்கு பேர் பார்ப்பதும் முன்னால்தான். பின்னால் பழைய மொட்டை டயர்களே இருந்தன. செஞ்சிக் கடைத்தெருவில் அன்றைக்கு அது யாருக்கும் தப்பாகப் படவில்லை. எனக்கும் பட்டிருக்காது. ஆனால் நான் அங்கே இல்லை. தலைப்பிரசவத்துக்குத் திண்டிவனத்தில் அம்மா வீட்டில் இருந்தேன்.

அந்த நவராத்திரியில், ஆயுத பூஜைக்குச் சற்று முந்தி, மூல நட்சத்திரத்தில், வசந்தா பிறந்தாள்.

பெண் பிள்ளை மூலத்தில் பிறந்தால் மாமனார் வீட்டுக்கு ஆகாது, அப்பா வீட்டுக்கு ஆகாது, அந்த வீட்டுக்கு ஆகாது, இந்த வீட்டுக்கு ஆகாது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நவராத்திரியில் சரஸ்வதியைப் பூஜையில் எழுந்தருளச் செய்வது அதே மூல நட்சத்திரத்தில்தான். சரஸ்வதிக்கு ஆகிற நாள் என் மகளுக்கு எப்படி ஆகாமல் போகும் என்று நான் கேட்டிருக்கலாம். எனக்கு நல்ல கேள்விகள் எல்லாம் பாத்திரம் கழுவும்போதுதான் வரும். அதற்குள் கேட்கவேண்டியவர்கள் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள்.

பூஜை முடிந்து, புது டயர் போட்ட வண்டியில் மாமனார், மாமியார், வீட்டுக்காரர் மூவரும் பிள்ளையைப் பார்க்கத் திண்டிவனம் கிளம்பினார்கள். மூட்டையில்லாத காலி வண்டி, முழுக்கத் தார் ரோடு. செஞ்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். யாரோ உலக்கையால் வண்டியின் வயிற்றில் இடித்தது போல. கொஞ்சம் போனதும் மறுபடி. கியர் மாற்றினால் பெரிதாக. திண்டிவனம் போய்ச் சேரும் வரைக்கும் விட்டு விட்டு இடித்ததாம். மாமனார் தொட்டிலைக் குனிந்து பார்த்து முதலில் சொன்னது பிள்ளையின் மூக்கைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ அல்ல.

"வண்டி இத்தன வருசத்துல இப்பிடி சத்தம் குடுத்ததே இல்ல."

நான் அதை வண்டியைப் பற்றிய பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் பிள்ளையோடு செஞ்சி வந்தேன். வருகிற வழியெல்லாம் அந்த இடி. வசந்தா ஒவ்வொரு இடிக்கும் கையைக் காலை உதறிக்கொண்டு விழித்துக் கத்தினாள். எனக்குப் பால் ஊறுவதே நின்றுவிடும் போலிருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக் காதர் பாய் இரண்டு மாதமாக அந்தச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பாய் கலகலப்பான மனிதர். சந்தேகம் என்பதே அவருக்குக் கிடையாது. அவர் தைரியத்தில் ஒரு பங்கு எனக்கு இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலில், "கிராஸ் போயிடுச்சு மொதலாளி" என்றார். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டில் ஒரு மூட்டு உண்டு, அதுதான் கிராஸ். புதிது போட்டார். வண்டி கடைத்தெருவைத் தாண்டுமுன் டொக்.

"அப்ப வில்லுப்பட்டை போல்ட்டு லூசு." இறுக்கினார். டொக்.

"கிளச்சு." பிரித்து மூடினார். டொக்.

கடைசியில் சாக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "என் கைக்கு எட்டுன வரைக்கும் பாத்துட்டேன் மொதலாளி. இனிமே சாமிகிட்டதான் காட்டணும்."

பாய் வேடிக்கையாகச் சொன்னார். மாமனார் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போன அன்று அங்கிருந்த ஜோசியரிடம் பிள்ளையின் ஜாதகத்தைக் காட்டிவிட்டு வந்தார். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன், கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது சொன்னார். சத்தம் வந்தது என்றைக்கு? பிள்ளையைப் பார்க்கக் கிளம்பிய அன்றைக்கு. பிள்ளைக்கு மூன்று வயது நிரம்பும் வரைக்கும் அப்பா வீட்டு நிழல் ஆகாது. திண்டிவனத்தில் என் அம்மாவிடம், ஆயா வீட்டில் வளரட்டும்.

"அவ?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவ என்றால் நான்.

"அவ இன்னாத்துக்கு? அறுப்பு வருது. கூலியாளுக்குச் சோறு ஆக்கறது யாரு? உட்டுட்டு வந்துடட்டும். பால்பவுடர் இருக்குது."

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். எதிர்த்துப் பேசக் கூடாது என்பதையும் நன்றாகப் படித்திருந்தேன். அன்று சோறு பரிமாறினேன். மாமனாருக்கு மட்டும் மோரை உப்புப் போடாமல் ஊற்றினேன், அவ்வளவுதான் என் எதிர்ப்பு. ஆனால் படுத்த பிறகு என் வீட்டுக்காரரிடம், "சத்தம் எங்கேருந்து வருதுன்னு நான் கண்டுபிடிச்சுட்டா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு எத்தனையோ தப்புகளை மன்னித்திருக்கிறேன்.

அதன் பிறகு நான் நடந்துகொண்டதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. எல்லாச் சத்தத்தையும் கேட்டேன். ஆட்டுக்கல்லில் குழவி தட்டினால் நின்று கேட்பேன். கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டால் அது எண்ணெய் இல்லாத சத்தம், குடம் சுவரில் மோதினால் அது இடைவெளிச் சத்தம் என்று எனக்குள் பிரித்துக்கொள்வேன். வண்டிச் சத்தம் இதில் எந்த ஜாதி? காய்ந்துபோய் உரசுகிறதா, தளர்ந்துபோய் மோதுகிறதா? காலையில் ஒன்று தோன்றும், மத்தியானம் அது தப்பென்று தோன்றும். கடைசியில் காய்ந்ததுதான் என்று முடிவு செய்தேன். அந்த நீளத் தண்டில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீண்டு சுருங்கும் இடம் ஒன்று இருக்கிறதாம். அங்கே கிரீஸ் இல்லையென்றால் இழுத்துப் பிடித்து இடிக்கும் என்று என் வீட்டுக்காரரே ஒருமுறை சொல்லியிருந்தார். "அதுக்குக் கிரீஸ் போட்டுப் பாருங்களேன்" என்றேன். அவசரத்தில் வேட்டி மாற்றாமல் போய்ப் படுத்தார். கறை வந்த கதை அது.

மறுநாள் தொண்டூர்க் களத்துக்குப் போய்வந்தார். தார் ரோட்டுக்கே ஏறாமல் ஏரிக்குள்ளேயே மணல் தடத்தில் போய் அதிலேயே திரும்பிவிட்டார். சத்தமில்லை. மாமனார் வாயெல்லாம் பல்லாக, "படிச்ச புள்ள இல்ல? மருமவ கண்டுபிடிச்சுட்டா" என்று மண்டியில் நாலு பேரிடம் சொன்னார். எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. பிள்ளைக்கு நலங்கு மாவு தேய்த்துக் குளிப்பாட்டினேன்.

அதற்கடுத்த நாள் திண்டிவனம் ரோட்டில் டொக்.

முன்னைவிட மோசம். இப்போது மாமனாருக்கு வேறு சந்தேகமே இல்லாமல் போயிற்று. "கிராஸ் மாத்தியாச்சு, கிரீஸ் போட்டாச்சு. இரும்புல கொறையிருந்தா போயிருக்காதா? வர்ற வெள்ளிக்கெழம கொண்டு போயி உட்டுட்டு வாங்க." நான் உதவி செய்யப் போய், என் கையாலேயே பிள்ளையைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டது போல் ஆயிற்று.

அந்த வாரம் களத்தில் கூலியாட்களுக்குச் சோறு கொண்டுபோக வேண்டியிருந்தது. குண்டானைப் பின்னால் ஏற்றிவிட்டு நானும் பிள்ளையோடு ஏறினேன். மாமியார் வரவில்லை. சோறு சிந்தாமலிருக்க இந்த முறை முதலில் கொஞ்ச தூரம் தார் ரோடு. அப்புறம் ஏரிக்குள் இறங்கும் தடம். தாரில் போகும்போது இடி. வசந்தா தூங்குவாள், இடிக்கும், விழித்துக் கத்துவாள். மறுபடி கண் செருகும், மறுபடி இடிக்கும். பிறகு வண்டி ஏரித் தடத்தில் இறங்கியது. உங்களுக்குத் தெரியுமே, அந்தத் தடங்களில் போனால் குடல் வாய்க்கு வரும். குண்டான் மூடி கடகடவென்று ஆடுகிறது, என் தலை கூரையில் இடிக்கிறது. மடியைக் குனிந்து பார்க்கிறேன், பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாகத் தூங்குகிறது.

களத்தில் சோறு போட்டுவிட்டுத் திரும்பினோம். மணலில் தூக்கம். தார் ஏறிச் சிறிது தூரம் போனதும் டொக், அழுகை.

எந்தப் பிள்ளையாவது குண்டும் குழியுமான ரோட்டில் தூங்கி, வழுவழுப்பான ரோட்டில் விழித்துக்கொள்ளுமா? எல்லோரும் குற்றவாளி என்று சொன்னவளேதான் எனக்கு வழி காட்டினாள். கிரீஸ் போட்ட மறுநாள் சத்தம் வராததற்குக் கிரீஸ் காரணமில்லை. அன்று வண்டி மணலில் மட்டும் ஓடியது. கெட்டியான ரோட்டில் மட்டும்தான் இந்தச் சத்தம் வருகிறது. ஏன்?

வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூளியில் போட்டேன். எதையோ நினைத்துக்கொண்டு ஒரே பக்கமாகத் திருப்பிவிட்டேன் போலிருக்கிறது. கயிறு முறுக்கேறி, கையை விட்டதும் தூளி சரசரவென்று மறுபக்கம் சுற்றியது. பதறிப்போய்ப் பிடித்தேன். பிடித்தபடியே நின்றேன்.

முறுக்கு. வண்டிக்குள் ஏதோ முறுக்கேறிக்கொண்டே போகிறது. மணலில் சக்கரம் வழுக்கிக் கொடுப்பதால் முறுக்கு அப்போதைக்கப்போதே கழன்றுவிடுகிறது. தார் ரோடு வழுக்கிக் கொடுக்காது. முறுக்கு தாங்க முடியாத அளவு வந்ததும் எங்கோ ஒரேயடியாக விடுபட்டு இடிக்கிறது. எதற்கும் எதற்கும் நடுவே முறுக்கு? முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே. முன்னால் புது டயர், அதன் வட்டம் பெரிது. பின்னால் தேய்ந்தது, வட்டம் சிறிது. ஒரே தூரம் போக, சின்னது அதிகமாகச் சுற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் சுற்றளவு என்று மனப்பாடம் செய்ததெல்லாம் இதுதானா! ஆனால் அந்தச் சணல் கயிறு இரண்டையும் ஒரே கணக்கில் சுற்று என்று கட்டிப் போட்டிருக்கிறது. அந்தப் புரட்டாசியில் எங்கள் வீட்டுக்குப் பிள்ளை மட்டும் புதிதாக வரவில்லை. டயரும் வந்தது.

கண்டுபிடித்த சந்தோஷம் அடுப்பு மூட்டும் வரைகூட நிற்கவில்லை. கிரீஸ் விஷயத்திலும் இப்படித்தானே நிச்சயமாக இருந்தேன்? தப்பாகப் போனால்? அப்போதுதான் எனக்குள் ஒன்று திரும்பியது. தப்பாகப் போனால் பிள்ளையை அனுப்பிவிடுவேனா? ஒரு போல்ட்டு லூசாக இருந்தால் இருப்பாள், நான் சொன்னது தப்பென்றால் போவாள் என்பது என்ன நியாயம்? அப்படியொரு பந்தயத்துக்கு நான் எப்போது ஒப்புக்கொண்டேன்? அடுப்பை ஊதிக்கொண்டே எனக்கு நானே, "மாட்டேன்" என்று சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் சொன்னேன். வாய்க்குப் பழகட்டுமென்று.

வெள்ளிக்கிழமை காலை. வண்டி மண்டி வாசலில் தார் ரோட்டில் நின்றது. மாமியார் வெற்றிலைப் பெட்டியோடு கதவோரம் ஏறிவிட்டார். மாமனார் மண்டிப் படியில் நின்றார். நான் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"பாப்பா துணிமணிலாம் எங்க?" என்றார் மாமியார்.

"எடுத்து வைக்கல அத்த."

பிள்ளையை அவர் மடியில் கொடுத்துவிட்டு, குனிந்து சணல் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். வருஷக்கணக்காக இறுகிய முடிச்சு. நகம் ஒடிந்தது.

"ஏம்மா, அத இன்னாத்துக்கு அவுக்கற?" என்று மாமனார் படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"சத்தம் இங்கதான் மாமா இருக்குது."

"போன வாரம் கிரீஸ்ல இருக்குதுன்ன!"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. முடிச்சு அவிழ்ந்தது. என் வீட்டுக்காரர் கம்பியை இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், வரவில்லை. முறுக்கு பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. தூளியை நினைத்துக்கொண்டு, "கொஞ்சம் பின்னால எடுங்க" என்றேன். ரிவர்ஸ் போட்டுக் கொஞ்சம் நகர்த்தினார். அன்றுவரை கேட்காத அளவுக்குப் பெரிதாக ஒரு 'டொக்'. வசந்தா வீறிட்டாள்.

"பாத்தியா! பாத்தியா!" என்று மாமனார் படியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

"வந்துடுச்சு" என்றார் என் வீட்டுக்காரர் மெதுவாக. கம்பி அவர் கையில் தளர்ந்து ஆடியது.

மாமியாரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை வழித்தெடுத்தேன். "ஏய், என் சுண்ணாம்ப எங்கடி எடுத்துக்குனு போற?" என்றார். முன் டயர் தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு, பின் டயர் தொடுகிற இடத்தில் ஒரு கோடு. மூட்டைக்காரர்களைத் தள்ளச் சொன்னேன். மருமகள் சொல்லி ஆண்கள் வண்டி தள்ளுவதை அன்றுதான் கடைத்தெரு பார்த்தது. மளிகைக் கடைக்காரர் தராசை விட்டுவிட்டு வந்து நின்றார். வண்டி மெல்ல உருண்டது. பல சுற்றுச் சுற்றி, முன் டயரின் கோடு சரியாகத் தரைக்கு வந்தபோது நிறுத்தச் சொன்னேன். பின் டயரின் கோடு தரையைத் தாண்டி மேலே ஏறிவிட்டிருந்தது.

"பின்னது வேகமா சுத்துது மாமா, முன்னது மெதுவா சுத்துது. நீங்க ரெண்டையும் சேத்துக் கட்டிட்டீங்க."

மாமனார் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. "ஓட்டுடா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் தொட்டியில் ஏறி, கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திண்டிவனம் ரோட்டில் போனோம். ஒன்றுமில்லை. வளைவில் திரும்பினோம், ஒன்றுமில்லை. ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி இருக்குது என்றார் என் வீட்டுக்காரர். மாமியார் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை தூங்கிவிட்டது. எதிரே மாட்டுவண்டி வந்ததால் நிறுத்தி, முதல் கியரில் மறுபடி எடுத்தோம். அப்போது அடியில் 'டிக்' என்று மெல்லிசாக ஒரு சத்தம்.

மேலே கூரையைத் தட்டினார் மாமனார். வண்டி நின்றது. குனிந்து ஜன்னலில் தலையை நீட்டினார். "இன்னும் இருக்குது, கேட்டியா? இருக்குது பாரு!"

அது என்ன சத்தம்? பல் தேய்ந்ததா, கிராஸ்தானா, வேறு ஏதாவதா? மனசு உடனே தேட ஆரம்பித்துவிட்டது. ஒரு கணம்தான்.

"இருக்கட்டும் மாமா" என்றேன். "பழைய வண்டி, சத்தம் இருக்கும். நாளைக்கு வேற சத்தம் வரும். எது வந்தாலும் பாப்பா எங்கயும் போவாது. என் மடியிலதான் இருக்கும்."

முழுசாகச் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் வண்டியை ரோட்டோரம் ஒடித்துத் திருப்பினார்.

"எங்கடா திருப்பற?"

"ஊட்டுக்கு நைனா. வெயில் ஏறுது, புள்ள தூங்குது."

மாமியார் என் பக்கம் திரும்பாமலே தூங்குகிற பிள்ளையின் நெற்றியில் விழுந்த வெயிலை முந்தானையால் மறைத்தார். அது அவர் தீர்ப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பிக்கப் இப்போது எங்களிடம் இல்லை. மண்டிக்கு லாரிகள் வர ஆரம்பித்த பிறகு ஆரணிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். அது நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டிக் கறுத்த தரைமேல் சிமென்ட் பூசியாயிற்று. காதர் பாயின் கொட்டகை இருந்த இடத்தில் சைக்கிள் கடை. ஏரிக்குள் போன தடத்துக்குக் கப்பி கொட்டிவிட்டார்கள். வசந்தா பள்ளிக்கூடம் போகிறாள். தாத்தாதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறார். வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "இவ பொறந்தப்புறம்தான் மண்டி எழுந்து நின்னுச்சு" என்கிறார்.

எனக்கு அதுதான் ஆறவில்லை. வண்டி போனதற்கு வருத்தமில்லை, போகட்டும். ஆனால் அந்தப் பேச்சு எங்கே போயிற்று? போன மாதம் சின்னவனுக்குப் பெயர் வைத்த அன்று, எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது வாய் திறந்து கேட்டேன். "மாமா, வசந்தாவைத் திண்டிவனத்துக்கு அனுப்பணும்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

"நானா? எப்ப சொன்னேன்? வண்டி ரிப்பேருன்னுதான சொன்னேன்!"

மாமியார், "அந்தப் பேச்செல்லாம் யாரும் பேசலியேம்மா" என்றார். என் வீட்டுக்காரர்கூட, "ஏதோ ஜோசியர் சொன்னாருன்னு..." என்று இழுத்தார். ஒரு வீடே அதை மறந்துவிட்டது. மறக்க அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. ஒருவேளை எனக்குத்தான் தப்பாக ஞாபகமிருக்கிறதோ என்று இரண்டு நாள் குழம்பினேன். என் சுபாவம் அது.

இல்லை. கூடத்தில், சாப்பாட்டுக்கு முன்னால், எல்லோரும் இருக்கும்போது, என் மகளை வீட்டுக்கு ஆகாதவள் என்று சொன்னார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன், வசந்தா ஒருநாள் படித்துப் பார்க்கட்டும்.

சொன்னார்கள்.